வெள்ளிக்கிழமைச் சோறு

அண்மையில் பதுளையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மலையகப் பெண்களின் எதிர்காலம் பற்றிய கூட்டம். மேடையில் ஐந்து ஆண்களும், நன்றியுரை சொல்வதற்காக ஒரு பெண்ணும் அமர்ந்திருந்தனர். பேசியவர்களில் ஒருவர், தோட்டத்துப் பெண்கள் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போவதை அரசாங்கம் அடியோடு தடைசெய்ய வேண்டும் என்றார். அதனால் குடும்பம் சிதைகிறது, பண்பாடு அழிகிறது, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்றார். மண்டபம் கைதட்டியது. நான் தட்டவில்லை. எனக்குத் துபாயில் சாப்பிட்ட ஒரு பகலுணவு நினைவுக்கு வந்தது.

அது 2019ஆம் ஆண்டு. மருமகன் ஒருவன் அங்கே வேலையாக இருந்தான். அவனுடைய மாடிக்குடியிருப்பில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். எதிர்வீட்டில் இரண்டு பணிப்பெண்கள். ஒருவர் பிலிப்பைன்ஸ்காரர். மற்றவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த நம் பெண், வயது முப்பத்தைந்து இருக்கும். நான் பதுளைக்காரன் என்று மருமகன் சொன்னதும் அவர் கண்கலங்கிவிட்டார். ஊரில் மழையா, நமுனுகுலைப் பக்கம் ரோட்டுப் போட்டாச்சா, பதுளைப் பஸ் நிலையம் எப்படி இருக்கிறது என்று ஒரே மூச்சில் கேட்டார். வெள்ளிக்கிழமை இருவருக்கும் விடுமுறை என்று அறிந்து, பகல் சாப்பாட்டுக்கு வாருங்கள், நல்ல தமிழ்ச் சைவக்கடை ஒன்று இருக்கிறதாம், அங்கே போகலாம் என்று அழைத்தேன்.

"அங்க வேணாங்க ஐயா" என்றார்.

காரணம் கேட்டபோது உடனே சொல்லவில்லை. வேறு இடம் இருக்கிறது, நாங்கள் வழக்கமாகப் போவது, என்று எங்களைச் சத்வாவுக்கு அழைத்துச் சென்றார். பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறைந்த பழைய பகுதி அது. முடிதிருத்தும் கடை, பணம் அனுப்பும் கடை, பெட்டி கட்டி ஊருக்கு அனுப்பும் கடை, அவற்றுக்கிடையே சிறு சிறு சாப்பாட்டுக் கடைகள். நாங்கள் நுழைந்த கடையில் பதினைந்து மேசைகள் இருக்கலாம். ஒன்றுகூடக் காலி இல்லை. ஒரு மேசையில் பிறந்தநாள். ஒரு மேசையில் தேவாலயத்திலிருந்து வந்தவர்கள். மூலையில் ஒரு பெண் கைபேசியைக் குவளையில் சாய்த்து வைத்து, ஊரிலிருக்கும் குழந்தைக்குத் தன் தட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஆறு நாளும் பிறர் வீட்டுச் சமையலறையில் நிற்பவர்கள் ஏழாம் நாள் உட்கார்ந்து சாப்பிடும் இடம் அது.

நம் பெண் அவர்களுடைய மொழியிலேயே சாப்பாடு சொன்னார். முதலில் சினிகாங் வந்தது. மீனும் காய்கறியும் புளியில் கொதித்த தண்ணீர்ச் சாறு. "நம்ம புளித்தண்ணி மாதிரிதாங்க. மிளகாய்தான் காணாது" என்றார். அடுத்து தினோலா, இஞ்சி போட்ட கோழிச்சாறு. அதில் மிதந்தது முருங்கைக்கீரை. அவர்கள் அதை மலுங்கை என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொரித்த கருவாடு வந்தது. பாகற்காய் முட்டையோடு வந்தது. அச்சாறு வந்தது, அதற்கும் அவர்கள் அட்சாரா என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் நடுவே குவித்து வைத்த வெள்ளைச் சோறு. கரண்டியும் முள்ளும் இருந்தன. நம் பெண் கையால் பிசைந்து சாப்பிட்டார். அவருடைய தோழியும் கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே சாப்பிட்டார். கையால் உண்பதற்கு அவர்களிடம் ஒரு பெயரே உண்டு: கமாயான். வாழையிலை விரித்து, சோற்றையும் கறியையும் நடுவில் கொட்டி, சுற்றி நின்று கூட்டமாக உண்பதையும் அப்படியே சொல்கிறார்கள்.

பாதிச் சாப்பாட்டில் காரணம் வந்தது.

"நம்ம ஆளுங்க கடைக்குப் போனா, எந்த ஊருன்னு கேப்பாங்க. பதுளைன்னா, டவுனா தோட்டமான்னு கேப்பாங்க. தோட்டம்னா, இங்க என்ன வேலைன்னு கேப்பாங்க. வீட்டு வேலைன்னா அதுக்கப்புறம் பேச மாட்டாங்க. இங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க ஐயா. சாப்டியான்னு மட்டுந்தான் கேப்பாங்க."

நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பத்திரிகையில் இருந்தவன் நான். மலையக மக்களின் துயரம் பற்றி எத்தனை பத்தி எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த நான்கு கேள்விகளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை? நானும் அவற்றைக் கேட்பவன். அவரைக் கண்ட முதல் நாள், "பசறையில் டவுனா, தோட்டமா?" என்று நானும்தான் கேட்டேன்.

இனி அந்த மேடைப் பேச்சுக்கு வருகிறேன்.

ஒரே வீட்டில், ஒரே வேலையைச் செய்த இரண்டு பெண்கள். பிலிப்பைன்ஸ்காரருக்கு மாதம் ஏறத்தாழ 1500 திர்ஹம். நம் பெண்ணுக்கு 1000. அவருடைய ஒப்பந்தத்தில் வார விடுமுறை எழுதப்பட்டிருந்தது. நம் பெண்ணுக்குத் தன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கையெழுத்து வாங்கினார்களாம். முதல் எட்டு மாதம் அவருக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. தோழிதான் வீட்டு அம்மாவிடம், அவளுக்கும் விடுமுறை கொடுங்கள், சட்டத்தில் இருக்கிறது என்று பேசியிருக்கிறார். சட்டத்தில் இருந்ததும் உண்மைதான். ஐக்கிய அரபு அமீரகம் 2017ஆம் ஆண்டிலேயே வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வைச் சட்டமாக்கியிருந்தது. அந்தச் செய்தியைப் பசறைப் பெண்ணுக்குச் சொன்னது இலங்கை அரசாங்கம் அல்ல, அவருடைய தொழிற்சங்கம் அல்ல, என் பத்திரிகையும் அல்ல. ஒரு பிலிப்பைன்ஸ்காரி சொன்னாள்.

இந்த வேறுபாடு வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை.

1995 மார்ச் 17ஆம் திகதி ஃப்ளோர் கொண்டெம்பிளாசியோன் என்ற பிலிப்பைன்ஸ் பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். மணிலாவின் வீதிகள் கொதித்தன. தூதுவர் திருப்பி அழைக்கப்பட்டார். வெளிநாட்டமைச்சர் பதவி விலகினார். மூன்று மாதம் முடிவதற்குள், ஜூன் மாதத்தில், வெளிநாட்டுத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென்று குடியரசுச் சட்டம் 8042 நிறைவேறியது. 2003இல் வெளிநாட்டிலிருப்போர் வாக்களிக்கச் சட்டம் வந்தது. 2004 தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். 2006இன் முடிவில், வீட்டுப் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 200 டொலரிலிருந்து 400 டொலராக உயர்த்தப்பட்டது. அந்த 400 டொலர்தான் திர்ஹமில் ஏறத்தாழ 1500. அன்று என் எதிரில் அமர்ந்திருந்த பெண்ணின் சம்பளம் எசமானியின் தயவால் வந்ததல்ல.

நமக்கும் ஒரு மரணம் நிகழ்ந்தது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக், வயதைக் கூட்டிய கடவுச்சீட்டில் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டார். 2013 ஜனவரி 9ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டார். நாம் என்ன செய்தோம்? சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கினோம். அதே ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தோம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உண்டா, கணவன் சம்மதமா, பிள்ளையை யார் பார்ப்பது என்று தாயைக் குறுக்கு விசாரணை செய்யும் அறிக்கை அது. கடல் கடந்து தொழிலுக்குப் போகும் தந்தையிடம் அந்த அறிக்கையை யாரும் கேட்கவில்லை. அவள் போய்ச் சேரும் வீட்டின் பின்னணியைப் பற்றியும் எவரும் அறிக்கை கேட்கவில்லை. 2022இல் டொலர் தீர்ந்து நாடு வரிசையில் நின்றபோது, அதே அரசு வயதெல்லையை எல்லா நாடுகளுக்கும் 21 என்று இறக்கியது. பண்பாடும் குடும்பமும் அன்று எங்கே போயின? அந்நியச் செலாவணி வரும்போது அவள் நாட்டின் செல்வம். மேடை கிடைக்கும்போது அவள் குடும்பத்தைச் சிதைப்பவள்.

ரிசானா கொல்லப்பட்டு ஒன்பதாம் நாள், 2013 ஜனவரி 18இல், பிலிப்பைன்ஸில் இன்னொரு சட்டம் கையெழுத்தானது. அது தம் நாட்டுக்குள்ளேயே பிறர் வீட்டில் வேலை செய்வோருக்கானது: வாரத்தில் 24 மணிநேர ஓய்வு, குறைந்தபட்சக் கூலி, எழுத்தில் ஒப்பந்தம். இங்கேதான் நம் முகமூடி கழல்கிறது. சவூதிக் கொடுமைக்காகக் கண்ணீர் விடும் நாம், கொழும்பில் யார் கையால் தேநீர் குடிக்கிறோம்? ஊவாவிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் தரகர்களோடு கொழும்புக்குப் பஸ் ஏறினார்கள் என்பது தோட்டத்து ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். 2021 ஜூலையில் டயகம தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் வேலை செய்த வீட்டிலிருந்து தீக்காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு இறந்தாள். அவளுக்கு வயது 16. வீட்டு வேலையாட்களுக்கென்று ஆங்கிலேயர் 1871இல் நமக்கு ஒரு சட்டம் இயற்றித் தந்தார்கள். அது பணியாளரின் ஓய்வைப் பற்றியதல்ல. பணியாளரைப் பதிவேட்டில் எழுதி வைப்பது பற்றியது. வேலைக்காரி திருடுவாள் என்ற அச்சத்துக்குச் சட்டம் இருந்தது. அவள் களைப்பாள் என்ற நினைவுக்கு இல்லை.

பிலிப்பைன்ஸைச் சொர்க்கமாகக் காட்டுகிறேன் என்று நண்பர்கள் சண்டைக்கு வரக்கூடும். இல்லை. தன் மக்களுக்கு உள்ளூரில் வேலை கொடுக்க முடியாத நாடு அது. ஆளை ஏற்றுமதி செய்து வாழ்வதை அங்குள்ள சிந்தனையாளர்களே கடுமையாகச் சாடுகிறார்கள். புதிய வீரர்கள் என்று பட்டம் சூட்டி விமானத்தில் ஏற்றுவது மலிவான அரசியல் என்கிறார்கள், சரியாகவே சொல்கிறார்கள். அத்தனை சட்டம் இருந்தும் 2018இல் குவைத்தில் ஜொவன்னா டெமாஃபெலிஸின் உடல் ஒரு வீட்டுக் குளிர்பெட்டியில் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் அதன்பின் நடந்ததைப் பாருங்கள். மணிலா ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அவ்வாண்டு மே 11ஆம் திகதி குவைத்துடன் ஒப்பந்தம் எழுதியது. பணிப்பெண்ணின் கைபேசியைப் பறிக்கக்கூடாது, கடவுச்சீட்டை எசமான் வைத்துக்கொள்ளக்கூடாது என்று அதில் எழுத வைத்தது. அவர்களும் தடை விதிக்கிறார்கள். அந்தத் தடை எசமானோடு பேரம் பேசுவதற்கான ஆயுதம். நாம் கேட்கும் தடை, பெண்ணைப் பூட்டிவைப்பதற்கான பூட்டு.

அந்த அரசும் தானாகத் திருந்தியதல்ல. ஹொங்கொங்கில் ஞாயிறுதோறும் நகரின் நடுவில் தெருவை நிறைத்து அமரும் பிலிப்பைன்ஸ் பெண்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள், சீட்டாடுகிறார்கள், பாடுகிறார்கள். அந்த இடத்திலேயே கூட்டமும் போடுகிறார்கள், கோரிக்கையும் எழுதுகிறார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கிடைத்தவர்களுக்குச் சங்கம் தானாக வரும். தனித்தனிச் சமையலறையில் நின்றுகொண்டு எஞ்சியதை உண்பவர்களுக்கு வராது. சத்வாவில் நான் கண்ட சாப்பாட்டுக் கடையின் பெறுமதி அதுதான்.

குடும்பம் சிதைகிறதே என்ற வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. சிதைகிறது. பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளை பள்ளியை விட்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். அனுப்பிய காசு முழுவதும் சாராயத் தவறணையில் கரைந்ததைக் கண்டிருக்கிறேன். திரும்பி வந்த தாயை அடையாளம் தெரியாமல் கதவுக்குப் பின்னால் ஒளிந்த குழந்தையையும் கண்டிருக்கிறேன். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் தோட்டத் தொழிலாளிக்குத் தந்த அடிப்படை நாட்கூலி 700 ரூபாய். மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 17,500. அதே வேளை 1000 திர்ஹமின் மதிப்பு நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்கு மலையகம் எத்தனை நாள் தெருவில் நின்றது! அது 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. 2024இல் அடிப்படை 1350 ஆனபோது, 2022 நெருக்கடியில் ஏறிய விலைவாசி அதை முன்கூட்டியே விழுங்கியிருந்தது. சொந்த நிலம் இல்லை, வீட்டுக்கு உறுதி இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதே, அந்த மண்ணில் குடியிருந்தவர்கள் ஆசைப்பட்டா அங்கே குடியிருந்தார்கள்? குடும்பத்தைச் சிதைத்தது அந்தப் பெண் ஏறிய விமானமா, அவளை ஏற வைத்த கூலியா?

வரலாறு தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் முன்னோர் கங்காணியிடம் முன்பணம் வாங்கி, கடனாளியாகவே மலையேறினார்கள். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு கையில் இல்லாதவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. இன்று லயத்துக்கு வரும் உபமுகவரும் குடும்பத்தின் கையில் முன்பணத்தை வைக்கிறார். போய் இறங்கியதும் கடவுச்சீட்டு எசமானின் அலுமாரிக்குள் போகிறது. பாதியில் திரும்ப நினைத்தால் செலவான காசைக் கட்டு என்கிறார்கள். கங்காணி போனார், துண்டு போகவில்லை. அதன் உறையும் நிறமும் மட்டும் மாறியிருக்கின்றன.

அப்படியென்றால் தொழிற்சங்கங்கள் எங்கே? கொழுந்து பறிக்கும் வரை அவள் அங்கத்தவர். மாதச் சந்தாவும் கட்டுவாள். பேர் வெட்டப்பட்டு விமானம் ஏறிய நாளில் சந்தா நிற்கிறது. அதோடு நினைவும் நிற்கிறது. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பெண்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒரு சங்கத்தின் கையிலாவது இருக்கிறதா? இருந்தால் வெளியிடுங்கள். தவறைத் திருத்திக்கொண்டு மன்னிப்பும் கேட்கிறேன்.

பத்திரிகைகளையும் விடமாட்டேன், என்னையும் சேர்த்து. தொண்ணூறுகளில் நான் செய்தி ஆசிரியர் மேசையில் இருந்தேன். பணிப்பெண் பிணமாக வந்தால் முதற்பக்கம். உயிரோடு வந்தால் செய்தியில்லை. "வெளிநாட்டு மோகத்தால் சீரழியும் தோட்டப் பெண்கள்" என்று ஒரு தலைப்பு வந்தது. அந்தத் தலைப்பை வைத்தவன் நான். கொழும்பிலிருந்து கனடாவுக்குப் போனவரை நாங்கள் "புலம்பெயர்ந்தவர்" என்று எழுதினோம். லயத்திலிருந்து குவைத்துக்குப் போனவளுக்கு "மோகம்" என்று எழுதினோம். அதே கடலைத்தான் இருவரும் கடந்தார்கள்.

சாப்பாட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். யாழ்ப்பாணச் சாப்பாடு என்ற பெயர்ப்பலகையைக் கொழும்பிலும் கண்டிருக்கிறேன், ரொறன்ரோவிலும் கண்டிருக்கிறேன். செட்டிநாட்டுச் சாப்பாடு உலகமெங்கும் உண்டு. மலையகச் சாப்பாடு என்று ஒரு பெயர்ப்பலகையை நான் எங்கும் கண்டதில்லை, பதுளையில்கூட. கோதுமை ரொட்டியும் இடிசம்பலும், கருவாட்டுக் குழம்பும், மலையோரத்தில் பறித்த கீரையும் நம்மைப் பொறுத்தவரை ஒரு சமையல் அல்ல, வறுமை. கருவாடும் முருங்கைக்கீரையும் பிலிப்பைன்ஸ்காரருக்கும் ஏழையின் உணவுதான். ஆனால் அதைத் தட்டில் வைத்து, விளக்குப் போட்டு, பெயர் எழுதி, தம் மக்களை உட்கார வைத்துப் பரிமாற அவர்கள் வெட்கப்படவில்லை. தன் ஊர் உணவைச் சொல்ல வெட்கப்படும் சமூகத்திலிருந்து போகும் பெண், தன் ஊரைச் சொல்லவும் வெட்கப்படுவாள். அந்த வெட்கத்தை அவளுக்குக் கொடுத்தவர்கள் நாம்.

தடை கேட்டுக் கைதட்டியவர்களுக்கு, அதைவிடக் கடினமான சில வேலைகளைச் சொல்கிறேன். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்திடுவதற்கு ஒரு வாரம் முன்பே அவள் கையில் இருக்க வேண்டும். போகும் நாட்டின் சட்டத்தில் அவளுக்கு உள்ள உரிமைகளைப் பயிற்சியின் முதல்நாளே தமிழில் சொல்ல வேண்டும்; வார விடுமுறையை முதலாவதாகச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் உள்ள ஒவ்வொரு தூதரகத்திலும் தொலைபேசியை எடுத்தால் தமிழில் பதில் சொல்லும் ஒருவர் இருக்க வேண்டும். சங்கங்கள் விமானம் ஏறியவளை அங்கத்தவராகவே வைத்திருக்க வேண்டும், சந்தா இல்லாமல். அவள் வாக்களிக்க வழி செய்ய வேண்டும். வாக்கில்லாதவளுக்காக எந்த அமைச்சரும் விமானம் ஏறமாட்டார். இவற்றையெல்லாம் செய்துவிட்டு, தோட்டத்தில் மனிதர் வாழத்தக்க கூலியையும் ஒரு துண்டு நிலத்தையும் கொடுத்துவிட்டு, அதன்பிறகும் அவள் போனால் மோகம் என்று சொல்லுங்கள். அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்போம்.

அன்று சாப்பாட்டுக்கு நான் பணம் கொடுக்கப் போனேன். அவர் விடவில்லை. தோழியும் அவருமாகப் பங்குபோட்டுக் கட்டினார்கள். வாழ்நாள் முழுவதும் தோட்டத்து மக்களைப் பற்றி எழுதிச் சம்பளம் வாங்கியவன், ஒரு தோட்டத்துப் பெண்ணின் உழைப்பில் உண்டது அன்றுதான் முதல் தடவை என்று சொல்ல நினைத்தேன். பிறகு, நாம் குடித்த ஒவ்வொரு கோப்பைத் தேநீரும் என்ன என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன்.

படியிறங்கும்போது, இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க ஐயா. ஆனா பாவம்னு எழுதாதீங்க" என்றார்.

ஏழு ஆண்டு ஆகப்போகிறது. இப்போதுதான் எழுதுகிறேன். பாவம் என்ற அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதப் பழக எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது.